மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? பத்து வருடத்துக்கான சிங்கப்பூர்க் கணக்கு

ஈசூனில் இருக்கும் அண்ணனின் காருக்கு விரைவில் பத்து வயது முடிகிறது. ஓடோமீட்டரில் 144,000 கிலோமீட்டர். வருடத்துக்குப் பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்குத் துவாஸ், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, வெள்ளிக்கிழமை கோவில், எப்போதாவது மலேசியாவின் ஜொகூர் என்று போகும் சராசரிக் குடும்பத்தின் ஓட்டம் அது.

அடுத்த கார் மின்சாரமா பெட்ரோலா என்று பேசத்தான் ஒரு ஞாயிறு மாலை என்னைக் கூப்பிட்டிருந்தார். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைத்தாளை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார். இடப்பக்கம் பெட்ரோல் கார், வலப்பக்கம் மின்சாரக் கார். மின்சாரக் கார் இருபத்தைந்தாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் மலிவு. அதற்குக் கீழே பச்சை எழுத்தில், மாதம் எரிபொருளில் எவ்வளவு மிச்சம் என்று வேறு போட்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அண்ணி தட்டுகளைத் துடைத்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி, பத்து வருஷம் கழிச்சுத் திருப்பிக் கொடுக்கும்போது கையில எவ்வளவு வரும்?"

அந்தத் தாளில் அதற்குப் பதில் இல்லை. அன்று இரவு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, சேமிப்பில் பெரும்பகுதியை ஒரு காருக்குக் கொடுக்கப்போகும் எந்தக் குடும்பத்துக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் "மின்சாரக் கார் வாங்கினேன், பெட்ரோல் காசு அப்படியே மிச்சம்" என்று சொன்னால் அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே காரின் விலை என்பது பெரும்பாலும் காரின் விலைதான். இங்கே அப்படி இல்லை. இங்கே கார் என்ற பொருளுக்கு நாம் கொடுப்பது மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. மீதி எல்லாம் வாகன உரிமைச் சான்றிதழும் (பத்து வருடம் கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமை) வரியும். அதனால் எந்தக் கார் லாபம் என்பதை முடிவு செய்வது எரிபொருளைவிட அந்தச் சான்றிதழ், வரி விதிகள்தான். பெட்ரோலும் மின்சாரமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

கணக்குக்கு 2025-ல் பதிவான ஒரே மாதிரியான இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் திறந்த சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, 24,000 வெள்ளி. கப்பலில் வந்து இறங்கும்போது சுங்கத் துறை மதிப்பிடும் விலை அது. இரண்டும் சான்றிதழ் ஏலத்தில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவைச் சேர்ந்தவை. பெட்ரோல் கார் என்றால் 1,600 சிசிக்குள்ளும் 97 கிலோவாட்டுக்குள்ளும் இருந்தால் ஏ பிரிவு. மின்சாரக் காருக்கு 2022 மே முதல் 110 கிலோவாட் வரை அந்தப் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள். டெஸ்லா மாடல் 3 இங்கே 110 கிலோவாட்டுக்குக் குறைக்கப்பட்ட வடிவத்தில் விற்பதற்கு இதுதான் காரணம். பி பிரிவுக்குப் போனால் சான்றிதழே பல ஆயிரம் வெள்ளி கூடிவிடும்.

வாகன உரிமைச் சான்றிதழை ஒரு லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இது மாதம் இருமுறை ஏலத்தில் மாறும் தொகை. 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். இரண்டு கார்களுக்கும் இது ஒன்றே என்பதால் ஒப்பீட்டில் அடிபட்டுப் போகும். ஓஎம்வியில் 20 விழுக்காடு கலால் வரி 4,800. ஓஎம்வியையும் கலால் வரியையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி 2,592. இதுவும் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் தொடங்குவது கூடுதல் பதிவுக் கட்டணத்தில். ஏஆர்எஃப் என்றால்தான் பலருக்குப் புரியும். ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு, அதற்கு மேல் 190, 250, 320 என்று ஏறிக்கொண்டே போகும். நம் காருக்கு 20,000-மும் 4,000-த்தின் 140 விழுக்காடான 5,600-ம் சேர்ந்து 25,600 வெள்ளி.

பெட்ரோல் கார் வாங்குகிறவர் இதை முழுதாகக் கட்டுகிறார். மின்சாரக் காருக்கு 2025-ல் இரண்டு சலுகைகள் இருந்தன. ஒன்று, ஏஆர்எஃப்பில் 45 விழுக்காட்டுக் கழிவு, உச்சவரம்பு 15,000 வெள்ளி. இரண்டு, புகை வெளியீட்டைப் பொறுத்துக் கிடைக்கும் விஇஎஸ் தள்ளுபடி 25,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்து நம் காரின் 25,600-ஐ மொத்தமாகத் துடைத்துவிடுகின்றன. மிஞ்சிய சலுகையைக் கையில் கொடுக்க மாட்டார்கள், கட்டணம் பூஜ்யத்தோடு நிற்கும். ஓஎம்வி சுமார் 34,000 வெள்ளி வரை உள்ள எந்த மின்சாரக் காருக்கும் அந்த வருடம் இதே கதைதான்.

ஆக, விற்பனையாளரின் லாபத்தைச் சேர்க்காமல், பெட்ரோல் கார் 156,992 வெள்ளி, மின்சாரக் கார் 131,392 வெள்ளி. வித்தியாசம் 25,600. விலைத்தாளில் அண்ணன் பார்த்ததும் ஏறத்தாழ இதைத்தான்.

இப்போது அண்ணியின் கேள்விக்கு வருவோம்.

சிங்கப்பூரில் பத்து வயதுக்குள் காரைப் பதிவுநீக்கம் செய்தால், கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள். பிஏஆர்எஃப், அல்லது வெறுமனே 'பார்ஃப்' என்று கார்க்காரர்கள் சொல்வது இதைத்தான். 2025-ல் பதிவான காருக்கு உள்ள விதிப்படி, ஐந்து வருடத்துக்குள் கொடுத்தால் 75 விழுக்காடு, அதன்பின் வருடத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்து, பத்தாவது வருடத்தில் 50 விழுக்காடு. உச்சவரம்பு 60,000 வெள்ளி. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'கட்டிய' என்பது. சலுகை போக உண்மையில் எவ்வளவு கட்டினோமோ அதில்தான் பங்கு. சலுகையால் பூஜ்யம் கட்டியவருக்குத் திரும்பி வருவதும் பூஜ்யம்.

பெட்ரோல் கார்க்காரர் பத்தாவது வருடக் கடைசியில் 12,800 வெள்ளியை வாங்கிக்கொண்டு போவார். மின்சாரக் கார்க்காரருக்கு ஒன்றும் கிடையாது. அப்படியானால் வாங்கும்போது தெரிந்த 25,600 வெள்ளி லாபம் உண்மையில் 12,800 தான். பாதி. ஐந்தாம் வருடத்திலேயே விற்க நினைத்தால் இன்னும் குறைவு: பெட்ரோல் காருக்கு 19,200 திரும்புகிறது, ஆகவே மின்சாரக் காரின் லாபம் 6,400 வெள்ளியாகச் சுருங்குகிறது.

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாகக் கணக்கெழுத ஆரம்பித்தார்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்னால் கிடைக்கும் தள்ளுபடி கையில் இருக்கும் பணம், அது பத்து வருடம் கழித்து வரும் பணத்தைவிட மதிப்பு கூடியதுதான். நாணய வாரியத்தின் விதிப்படி ஓஎம்வி 20,000-ஐத் தாண்டிய காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன், அதிகபட்சம் ஏழு வருடம். மீதி 40 விழுக்காடு கைப்பணம். விலை 25,600 குறைந்தால் முன்பணம் 10,240 வெள்ளி குறைகிறது. கடன் 15,360 வெள்ளி குறைகிறது. இங்கே கார்க் கடனுக்கு வட்டி முழுத்தொகைக்கும் கடைசிவரை ஒரே மாதிரி போடுவார்கள். 2.5 விழுக்காடு என்று வைத்தால் ஏழு வருடத்தில் 2,688 வெள்ளி வட்டி மிச்சம். இளம் குடும்பங்களுக்கு இந்த முன்பண வித்தியாசம்தான் பல சமயம் முடிவையே தீர்மானிக்கிறது. எனக்கு அது புரிகிறது. ஆனால் அதை 'லாபம்' என்று முழுதாக எண்ணிவிடக் கூடாது.

சரி, கார் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி ஓட்டும் செலவு.

பெட்ரோல் 95 ரகம் பலகை விலையில் லிட்டருக்கு 2.80 வெள்ளி என்று வைப்போம். ஆனால் பலகை விலைக்கு யாரும் போடுவதில்லை. கடன் அட்டை, நிலையத்தின் உறுப்பினர் அட்டை என்று கழித்தால் 2.33-க்கு வந்துவிடும். நகரப் போக்குவரத்தில் 1.6 லிட்டர் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால், 15,000 கிலோமீட்டருக்குச் சுமார் 2,500 வெள்ளி. மின்சாரக் கார் மின்னூட்டத்தில் வீணாவதையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கிறது என்று கொள்வோம். வருடத்துக்கு 2,400 யூனிட். வீவக கார்ப்பேட்டையில் யூனிட் 60 காசு என்றால் 1,440 வெள்ளி. மிச்சம் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்.

இங்கேதான் சாலை வரி குறுக்கே வருகிறது. பெட்ரோல் காருக்குச் சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது: 1.6 லிட்டருக்கு வருடத்துக்குச் சுமார் 742 வெள்ளி. மின்சாரக் காருக்கு மோட்டாரின் திறனைப் பொறுத்தது. 110 கிலோவாட்டுக்கு 860 வெள்ளி. அதோடு ஒவ்வொரு மின்சாரக் காருக்கும் வருடத்துக்கு 700 வெள்ளி நிலையான கூடுதல் தொகை. ஆக 1,560. வித்தியாசம் 818 வெள்ளி.

அந்த 700 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பலர் கோபமாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். 95 ரகப் பெட்ரோல் போடும் ஒவ்வொருவரும் லிட்டருக்கு 66 காசு தீர்வை கட்டுகிறார்கள். 2021 பிப்ரவரியில்தான் அது 56 காசிலிருந்து 66 ஆனது. மின்சாரக் கார்க்காரர் பெட்ரோல் நிலையத்துக்கே போவதில்லை என்பதால் அவரிடம் அதை வேறு வழியில் வாங்க வேண்டியிருக்கிறது. 2021-ல் 200, 2022-ல் 400, 2023 முதல் 700 என்று படிப்படியாக ஏற்றினார்கள். நம் பெட்ரோல் கார் 15,000 கிலோமீட்டருக்குக் குடிக்கும் 1,071 லிட்டரை 66 காசால் பெருக்கினால் 707 வெள்ளி வருகிறது. ஏறத்தாழ அதே 700. சராசரி ஓட்டத்துக்கு இது நியாயமான கணக்குதான்.

சராசரிக்குக் கீழே ஓட்டுகிறவருக்கு அது நியாயமில்லை என்பது என் எண்ணம். பணி ஓய்வு பெற்ற ஒருவர் வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டினால், பெட்ரோல் காரில் அவர் கட்டும் தீர்வை 377 வெள்ளி. மின்சாரக் காரில் அதே 700. குறைவாக ஓட்டுவதுதானே நாட்டுக்கும் சாலைக்கும் நல்லது? குறைவாக ஓட்டுகிறவருக்கே சுமை கூடுவது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு காரிலும் புதிய சாலைக் கட்டணக் கருவியைப் பொருத்தி வரும் இந்தக் காலத்தில், ஓடிய தூரத்தைப் பொறுத்து இதை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆக, வீவகவில் மின்னூட்டினால் மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு ஏழு காசு மிச்சம் பிடிக்கிறது. சாலை வரியில் கூடுதலாகக் கட்டும் 818 வெள்ளியை அந்த ஏழு காசால் ஈடுகட்ட வருடத்துக்குச் சுமார் 11,700 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்கும் குறைவாக ஓட்டுகிறவருக்கு ஓட்டும் செலவில் பெட்ரோல் கார்தான் மலிவு. அண்ணனின் 15,000-க்கு மின்சாரக் காரில் மிஞ்சுவது வருடத்துக்குச் சுமார் 240 வெள்ளி. மாதத்துக்கு இருபது. பச்சை எழுத்தில் போட்டிருந்த தொகையில் சாலை வரியைக் கழித்திருக்கவில்லை.

இரவில் கார் எங்கே நிற்கிறது என்பது இந்தக் கணக்கையே மாற்றிவிடும். தரை வீட்டில் இருப்பவர் சொந்த மின்னூட்டியில் வீட்டு மின்கட்டணத்தில், ஜிஎஸ்டியோடு யூனிட் சுமார் 30 காசுக்கு, ஊட்டிக்கொள்கிறார். அவருக்கு வருடம் 720 வெள்ளிதான் ஆகும். அதே கார், அதே ஓட்டம், பாதிச் செலவு. நம்மில் பெரும்பாலோர் வீவகவில் இருக்கிறோம். நமக்கு 60 காசு, அவசரத்துக்கு விரைவு மின்னூட்டியில் போட்டால் அதைவிடக் கூடுதல். வசதி உள்ளவருக்கு மலிவாகவும் இல்லாதவருக்கு விலை கூடவும் கிடைப்பது மனதை உறுத்துகிறது. பொது மின்னூட்டியை நிறுவவும் பராமரிக்கவும் செலவு உண்டு என்பது தெரிந்தும்தான் சொல்கிறேன்.

அன்று இரவு பேச்சு முடிந்து நானும் அண்ணனும் அவருடைய பல மாடிக் கார்ப்பேட்டைக்குப் போய்ப் பார்த்தோம். மூன்றாம் தளத்தில் தூணை ஒட்டி வரிசையாகச் சில மின்னூட்டிகள். எல்லாவற்றிலும் கார் நின்றது. ஒன்றில் மட்டும் விளக்கு நிறம் மாறியிருந்தது, ஊட்டி முடிந்தும் வண்டியை எடுக்கவில்லை. காரில் அமர்ந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர், பொதுவாக இரவு பத்தரைக்கு மேல் ஒரு இடம் காலியாகும், காலையில் ஐந்து மணிக்கு இறங்கி வந்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். கைப்பேசியைக் காட்டினார்: 31 யூனிட், பதினெட்டு வெள்ளி அறுபது காசு. அது அவருக்கு நான்கைந்து நாள் ஓட்டம். "பழகிட்டா ஒண்ணுமில்ல" என்பதைத்தான் மலாயில் சொன்னார். இந்தத் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். வழியில் மின்சாரம் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இங்கே யாருக்கும் வேண்டாம். யோசிக்க வேண்டியது காலை ஐந்து மணிக்கு இறங்கி வருவதைப் பற்றித்தான்.

2030-க்குள் 60,000 மின்னூட்டிகள், அதில் 40,000 பொதுக் கார்ப்பேட்டைகளில் என்பது அரசின் இலக்கு. அதுவரை உங்கள் புளோக்கில் எத்தனை இருக்கின்றன, ஒரு புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எத்தனை காலியாக இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன். பணக் கணக்கில் அது வராது, வாழ்க்கையில் வரும்.

இதுவரை வெறும் பெட்ரோல் காரோடுதான் ஒப்பிட்டோம். ஆனால் இன்று மின்சாரக் காரின் நிஜமான போட்டி, பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்தான். ஏ பிரிவில் 1.5 லிட்டர் ஹைப்ரிட் கார்கள் நிறைய ஓடுகின்றன. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்றால் 15,000-க்கு எரிபொருள் சுமார் 1,590 வெள்ளி. வீவகவில் மின்னூட்டும் காருக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 150 வெள்ளி. ஹைப்ரிட்டின் சாலை வரியோ 682 தான். ஆக ஓட்டும் செலவில் ஹைப்ரிட் வருடத்துக்கு 700 வெள்ளிக்கு மேல் மலிவு! பொது மின்னூட்டியை நம்பியிருக்கும் மின்சாரக் கார் இதை எட்டிப் பிடிக்க வருடத்துக்கு எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். தரை வீட்டில் மின்னூட்டினால் 15,000-த்தைத் தாண்டியதுமே மின்சாரக் கார் முந்திவிடும்.

தனியார் வாடகை கார் ஓட்டும் நண்பர்கள் கேட்பார்கள். வருடத்துக்கு 60,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோலைவிட மின்சாரத்தில், சாலை வரி போக, 3,400 வெள்ளி மிஞ்சும். ஆனால் அது இரவெல்லாம் நிதானமாக 60 காசுக்கு ஊட்டினால். நாளின் நடுவில் விரைவு மின்னூட்டியில் 75 காசுக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினால் மிச்சம் 2,000-க்குக் கீழே இறங்கிவிடும். மின்னூட்டியில் நிற்கும் முக்கால் மணி நேரம் சவாரி இல்லாத நேரம், அதையும் அவர்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரக் காருக்கு இயந்திர எண்ணெய் மாற்ற வேண்டாம், பிரேக் கட்டைகளும் நீண்ட நாள் உழைக்கும். டயர் மட்டும் எடை காரணமாகச் சீக்கிரம் தேயும். காப்புறுதி, நான் விசாரித்தவரை, மின்சாரக் காருக்குச் சில நூறு வெள்ளி கூடுதல். ஒன்றின் மிச்சம் மற்றதில் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

மின்கலத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கின்றன. நம் சான்றிதழோ பத்து வருடம். நடுவில் இரண்டு வருடம் வெறுங்கையோடு நிற்கிறோம். ஆனால் மின்கலம் ஒரே நாளில் செத்துப்போவதில்லை, கொள்ளளவு மெல்லக் குறையும். 400 கிலோமீட்டர் போன கார் 320 போனால் நெடுஞ்சாலை நாட்டில் சிரமம், இந்தத் தீவில் வாரத்துக்கு ஒருமுறை கூடுதலாகச் செருக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சிக்கல் வருவது பத்து வருடத்துக்கு அப்பால்தான். சான்றிதழைப் புதுப்பித்து இன்னும் ஐந்தோ பத்தோ வருடம் ஓட்ட நினைக்கிறவர், உத்தரவாதம் முடிந்த மின்கலத்தோடு அந்தப் பணத்தைக் கட்டுகிறார். இன்னொரு பக்கம், புதுப்பிக்கும்போது பார்ஃப் தொகையை எல்லோரும் இழக்க வேண்டும். பெட்ரோல்காரருக்கு அது 12,800 வெள்ளி இழப்பு. பார்ஃப் ஏதும் இல்லாத மின்சாரக் கார்க்காரர் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய காரை விடாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

நடுவில் விற்பதற்கும் இதே தர்க்கம் பொருந்தும். பயன்படுத்திய காரின் விலைக்கு இங்கே அடிமட்டம் என்று ஒன்று உண்டு, 'பேப்பர் வேல்யூ' என்பார்கள். சான்றிதழில் மீதியிருக்கும் நாட்களின் மதிப்பும் பார்ஃப்பும் சேர்ந்தது அது. பார்ஃப் இல்லாத காருக்கு அந்த அடிமட்டம் தாழ்வாக இருக்கும். புதிய மின்சாரக் கார்கள் வருடா வருடம் மலிவாகவும் மேம்பட்டும் வந்துகொண்டிருக்கும்போது, மூன்று வருடப் பழைய காருக்கு அதற்கு மேல் யார் கொடுப்பார்கள்? மக்கள் வாங்காமல் இல்லை. புதிதாகப் பதிவான கார்களில் மின்சாரக் கார்களின் பங்கு 2023-ல் 18.1 விழுக்காடு, 2024-ல் 33.6. 2025-ல் டொயோட்டாவை முந்தி சீன நிறுவனமான பிஒய்டி முதலிடத்துக்கு வந்தது. இந்தக் கார்களெல்லாம் ஒரே சமயத்தில் பழைய கார்ச் சந்தைக்கு வரும் நாளையும் மனதில் வைக்க வேண்டும்.

ஜொகூரை மறக்கக் கூடாது. வாராவாரம் கடற்பாலம் தாண்டுகிறவர்கள் நம்மில் நிறைய. எல்லையில் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம், அங்கே வெளிநாட்டுக் காருக்கு 95 ரகமும் கொடுக்க மாட்டார்கள், 97 தான். அப்படியும் இங்கத்திய விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது. ஈப்போவுக்கோ பினாங்குக்கோ தீபாவளிக்குப் போகும் குடும்பம் அங்கே போட்டுக்கொண்டு ஓட்டினால் பெட்ரோல் செலவு கணிசமாகக் குறையும், மின்சாரக் காரின் மிச்சமும் அந்த அளவுக்குச் சுருங்கும்.

எல்லாவற்றையும் கூட்டினோம். வாங்கும் விலையில் மின்சாரக் காருக்கு 25,600 லாபம், வட்டியில் 2,688, பத்து வருட எரிபொருளில் 10,560. கழிக்க வேண்டியது பார்ஃப் 12,800, சாலை வரி 8,180. பத்து வருடத்தில் பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் சுமார் 17,900 வெள்ளி மலிவு. நல்ல தொகைதான். 2025-ல் 2,500 வெள்ளி விஇஎஸ் தள்ளுபடி பெறும் ஹைப்ரிட்டோடு ஒப்பிட்டால் லாபம் 6,700 வெள்ளியாக இறங்குகிறது. மாதத்துக்கு 56 வெள்ளி.

அந்த 6,700 வெள்ளி எவ்வளவு மெல்லியது என்று அண்ணனுக்குக் காட்டினேன். மின்சாரக் காரின் ஓஎம்வி ஹைப்ரிட்டைவிட 5,000 வெள்ளி கூடுதல் என்றால், வரிகளோடு சேர்த்து 6,540 போய்விடும். இரண்டு ஏலத்துக்கு நடுவில் சான்றிதழ் விலையே அந்த அளவுக்கு ஏறி இறங்குவதுண்டு. விற்பனையாளர் தன் லாபத்தில் கொஞ்சம் ஏற்றினாலும் அவ்வளவுதான். சலுகைகளும் நிலையானவை அல்ல: 2026-ல் 45 விழுக்காட்டுக் கழிவின் உச்சவரம்பு 15,000-லிருந்து 7,500-க்கும், விஇஎஸ் தள்ளுபடி 22,500-க்கும் இறங்குகின்றன. முதல் சலுகை அந்த வருடத்தோடு முடிந்தும் போகிறது. கார் பதிவாகும் தேதிதான் கணக்கு, முன்பதிவு செய்த தேதி அல்ல.

இத்தனைக்கும் பிறகு என் அபிப்பிராயத்தை அண்ணன் கேட்டார். தரை வீட்டில் இருந்தால் யோசிக்காமல் மின்சாரம் என்றிருப்பேன். வீவகவில், வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ஓட்டி, பத்து வருடமும் வைத்திருக்கப் போகிறவருக்குப் பெட்ரோல் காரைவிட மின்சாரமே மேல், ஹைப்ரிட்டோடு என்றால் ஓஎம்வியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். ஐந்து வருடத்தில் மாற்றும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்குப்படி மின்சாரத்தில் பெரிய லாபம் இல்லை. புகை விடாத வண்டியில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்ற எண்ணம் அண்ணிக்கு உண்டு. அதற்கு மாதம் ஐம்பது வெள்ளி கூடக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னதையும் நான் மதிக்கிறேன்.

அண்ணன் அன்றே விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பினார். விலையைப் பற்றியோ தவணையைப் பற்றியோ கேட்கவில்லை. இரண்டே எண்கள் கேட்டார்: ஓஎம்வி எவ்வளவு, சலுகை போக உண்மையில் கட்டும் ஏஆர்எஃப் எவ்வளவு. மறுநாள் பதில் வந்தது. ஓஎம்வி 27,000, ஏஆர்எஃப் பூஜ்யம். அவர் விலைத்தாளின் ஓரத்தில் அந்த இரண்டையும் எழுதி, கீழே 'பத்தாம் வருடம்: 0' என்று குறித்து, அண்ணியிடம் நீட்டினார். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, ஹைப்ரிட் காருக்கும் இதே இரண்டு எண்ணையும் வாங்கச் சொன்னார்.